சிவப்புக் கண்ணாடியில் தெரியும் மனிதன்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் நண்பகல். தில்லி வெயிலின் கடுமையை நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கதவு, ஜன்னல்களை அடைத்து, திரைகளையும் இழுத்துவிட்டு வீட்டுக்குள் முடங்கியிருந்தோம். விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்திக்குப் புத்தகமும் சலித்துவிட்டது, பல்லாங்குழியும் சலித்துவிட்டது. "உன் அம்மா உன்னைவிடச் சின்னவளாக இருந்தபோது பார்த்த படம் ஒன்று காட்டட்டுமா?" என்று கேட்டேன். அவ்வாறுதான் 'மிஸ்டர் இந்தியா' என்ற ஹிந்திப் படத்தை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, மறுபடியும் பார்க்கும்படி நேர்ந்தது.

1987ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. ஷேகர் கபூர் இயக்கியது; போனி கபூர் தயாரித்தது; ஸலீம்-ஜாவேத் என்று புகழ் பெற்ற இரட்டையர் சேர்ந்து எழுதிய கதைகளில் கடைசியாக வந்தது. விஞ்ஞானக் கற்பனை, குடும்பக் கதை, ஹாஸ்யம் ஆகிய மூன்றையும் ஒரே பானையில் இட்டுப் பொங்கிய படங்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. பொங்கியவற்றிலும் பெரும்பாலானவை குழைந்துவிட்டன. இந்தப் படம் மட்டும் ஏன் இன்றும் பதம் கெடாமல் இருக்கிறது என்பதைப் பற்றியும், கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்ற கற்பனை பௌதிக சாஸ்திரத்துக்கு எவ்வளவு தூரம் ஒத்துவரும் என்பதைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கதை. கடலை ஒட்டிய பழைய வீடு ஒன்றில் அருண் என்னும் ஏழை இளைஞன் வாழ்கிறான். வயலின் வாசிப்பது அவன் தொழில். தெருவில் கிடந்த அநாதைக் குழந்தைகளை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்து, ஒரு பெரிய குடும்பத்துக்குத் தலைவனாகிவிட்டான். சமையலுக்கு 'காலண்டர்' என்ற விசித்திரப் பெயர் கொண்ட ஒருவன். வாடகை பாக்கி, மளிகைக் கடைப் பாக்கி, குழந்தைகளின் பசி என்று நித்திய நெருக்கடி. வருமானத்துக்காக மாடியறையை வாடகைக்கு விடுகிறார்கள். அங்கே குடிவருகிறவள் ஸீமா என்ற பத்திரிகை நிருபர். அவளுக்கோ குழந்தைகள் என்றாலே ஆகாது!

இதற்கிடையே, இறந்துபோன தன் தந்தை ஒரு விஞ்ஞானி என்பதும், மனிதனைப் பிறர் கண்ணுக்கு மறைத்துவிடும் கருவி ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார் என்பதும் அருணுக்குத் தெரிய வருகின்றன. கருவி அவன் கைக்கு வருகிறது. கையில் கட்டிக்கொண்டு விசையை அழுத்தினால் ஆள் மறைந்துபோவான். ஆனால் சிவப்பு வெளிச்சத்தில், அல்லது சிவப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தெரிந்துவிடுவான். தீவு ஒன்றில் சிம்மாசனமிட்டு அமர்ந்து இந்நாட்டை அழிக்கச் சதி செய்யும் மொகாம்போ என்ற கொடியவனுக்கும் அந்தக் கருவிமேல் கண். அப்புறம் நடப்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மறைந்து திரியும் வித்தை மனிதனின் மிகப் பழைய ஆசை. நம் பாட்டிமார் கதைகளில் கண்ணில் மை தீட்டிக்கொண்டவன் அரண்மனைக்குள் நுழைந்துவிடுவான். சித்தர்கள் குளிகையை வாயில் அடக்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். கிரேக்க தேசத்துப் பிளேட்டோ தமது 'குடியரசு' என்ற நூலில் ஓர் ஆட்டிடையனின் கதையைச் சொல்லுகிறார். கைஜஸ் வம்சத்தைச் சேர்ந்த அந்த இடையனுக்கு மாய மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அதைத் திருப்பினால் ஆள் மறைவான். அவன் செய்த முதற் காரியம் என்ன தெரியுமா? அரண்மனைக்குச் சென்று, அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, முடியைச் சூட்டிக்கொண்டதுதான். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் எந்த மனிதன் யோக்கியனாக இருப்பான் என்பது அங்கே எழுப்பப்படும் கேள்வி.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1897இல், ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் அதே கேள்வியை விஞ்ஞான உடை அணிவித்து மீண்டும் எழுப்பினார். அவருடைய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' கிரிஃபின் என்ற விஞ்ஞானி. அவனும் இடையன் வழியிலேயே போனான். திருடினான், கொன்றான், ஓர் ஊரையே அச்சத்தால் ஆளத் திட்டமிட்டான்.

அருணோ, ஊரை ஆள நினைக்கவில்லை. அரிசியிலுள்ள கல்லைப் பற்றிக் கவலைப்படுகிறான். குழந்தைகளின் சோற்றில் கல் கிடக்கிறது. ஏன் கிடக்கிறது என்று தேடிக்கொண்டு போனால், தானியத்தில் கல்லைக் கலந்து விற்பவர்களிடமும், அவர்களை ஆட்டி வைக்கும் மொகாம்போவிடமும் போய்ச் சேருகிறது. பிளேட்டோவின் இடையன் அரண்மனைக்குப் போனான். நம் வயலின்காரன் மளிகைக் கிடங்குக்குப் போகிறான். இந்தப் படத்தின் வெற்றிக்கு இதுவே முதற் காரணம் என்பது என் கருத்து. பங்கீட்டுக் கடையின் முன் வரிசையில் நின்று, வாங்கி வந்த அரிசியை முறத்திலிட்டுக் கல் பொறுக்கிய தாய்மார்கள் அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மறைந்து திரியும் மனிதனை நம் நாட்டுத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் 'மிஸ்டர் இந்தியா'க்காரர்கள் அல்லர். 1937இலேயே விஜய் பட் என்பவர் 'க்வாப் கீ துனியா' என்ற படத்தை எடுத்தார். அதில் பொருள்கள் தாமாகவே அந்தரத்தில் எழுந்து நகரும். தந்திரக் காட்சிகளை அமைத்தவர் பாபுபாய் மிஸ்திரி என்ற இளைஞர். கறுப்புத் திரையின் முன்னால் கறுப்பு நூலில் பொருள்களைக் கட்டி ஆட்டிவைத்தார்; காமிராவுக்கு நூல் தெரியவில்லை. அதனால் திரையுலகத்தில் அவருக்குக் 'காலா தாகா', அதாவது கறுப்பு நூல், என்றே பெயர் வந்துவிட்டது. பட்டங்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கேட்டதில்லை.

பின்னர் 1957இல் 'மிஸ்டர் எக்ஸ்' வந்தது. அதில் மறைந்து திரிந்தவர் அசோக் குமார். 1964இல் 'மிஸ்டர் எக்ஸ் இன் பாம்பே' வந்தது. அதில் மறைந்து திரிந்தவர் அவருடைய தம்பி கிஷோர் குமார். இந்தச் சகோதரர்கள் இருவரும் 1987ஆம் ஆண்டுப் படத்திலும் பங்கு பெற்றிருக்கிறார்கள் என்பதை இம்முறைதான் கவனித்தேன். அருணின் தந்தையோடு பழகிய விஞ்ஞானியாக வந்து, அந்தக் கருவிக்கு வழி காட்டுகிறவர் அசோக் குமார். அருணுக்காகப் பின்னணியில் பாடுகிறவர் கிஷோர் குமார். பழைய மாய மனிதர்கள் இருவர், ஒருவர் கருவிக்கு வழி காட்டியும் மற்றவர் குரலைக் கொடுத்தும் புதியவனை அனுப்பிவைத்ததுபோல் இருக்கிறது. அதே 1987ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் கிஷோர் குமார் காலமானார். அண்ணன் அசோக் குமாருக்கு அது பிறந்த நாள்.

இனி, இல்லாத ஒருவனைப் படம் பிடிப்பது எப்படி என்பதைச் சிறிது பார்ப்போம். 1933இல் அமெரிக்காவில் வெல்ஸின் கதையைப் படமாக்கினார்கள். உடை தெரிய வேண்டும், உள்ளே ஆள் தெரியக் கூடாது. நடிகர் உடல் முழுவதையும் கறுப்பு வெல்வெட்டினால் மூடினார்கள். அதன்மேல் சாதாரண உடையை அணிவித்து, கறுப்பு வெல்வெட்டுத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வெல்வெட்டு ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். ஆகவே பிலிமில் உடை மட்டும் பதியும். அதை வேறொரு காட்சியின்மேல் சேர்த்துவிட்டால், தலையில்லாத சட்டை அறைக்குள் நடக்கும்.

'மிஸ்டர் இந்தியா'வில் தந்திரக் காட்சிகளைக் கவனித்தவர் பீட்டர் பெரேரா. ஒளிப்பதிவாளர் பாபா ஆஸ்மி. கணிப்பொறி கொண்டு படத்தைத் திருத்தும் வசதி அப்போது இல்லை. ஒரே பிலிமை இரண்டு முறை காமிராவில் ஓட்டுவது, கண்ணாடியின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு மறுபகுதியை மட்டும் பதிவு செய்வது, மெல்லிய கம்பியில் பொருள்களைத் தூக்குவது ஆகிய பழைய உபாயங்களே கைகொடுத்தன. ஐம்பது ஆண்டு கழித்தும் கறுப்பு நூல் அறுந்துவிடவில்லை. இன்று பார்க்கும்போது ஓரிரண்டு இடங்களில் தந்திரம் வெளியே தெரிகிறது. என் பேத்தி, "அதோ கம்பி!" என்று கைதட்டினாள். ஆனால் அதனால் அவளுடைய மகிழ்ச்சி குறைந்ததாகத் தெரியவில்லை. வித்தைக்காரனின் கையைப் பிடித்துவிட்ட பெருமையும் அதோடு சேர்ந்துகொண்டது.

காட்சி முடிந்ததும் அவள் கேட்ட கேள்வி இதுதான்: "தாத்தா, நிஜமாகவே ஒருவர் மறைந்துபோக முடியுமா?"

ஒரு பொருள் நம் கண்ணுக்கு ஏன் தெரிகிறது? தன்மேல் விழும் ஒளியை அது திருப்பி அனுப்புகிறது, அல்லது விழுங்குகிறது, அல்லது வளைக்கிறது. இம்மூன்றில் ஒன்றையும் செய்யாவிட்டால் அது நம் கண்ணுக்குப் புலப்படாது. கண்ணாடி ஒளியைத் தடுப்பதில்லை. ஆயினும் கண்ணாடித் தம்ளர் நமக்குத் தெரிகிறது. காரணம், காற்றிலிருந்து கண்ணாடிக்குள் புகும் ஒளி தன் வழியிலிருந்து சற்று விலகுகிறது. எந்தப் பொருள் எவ்வளவு விலக்கும் என்பதைக் குறிக்கும் எண்ணை ஒளிவிலகல் எண் என்பார்கள். பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் சமமாக இருந்தால் ஒளி வளையாது. எல்லைக் கோடும் தெரியாது.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஆய்வுக்கூடங்களில் பயன்படும் போரோசிலிக்கேட் கண்ணாடிக் கம்பி ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் சிறிதளவு. இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. கம்பியைக் கிளிசரினில் அமிழ்த்தினால் அமிழ்ந்த பகுதி மாயமாய் மறைந்துவிடும். சில சமையல் எண்ணெய்களும் ஏறக்குறைய இதே பலனைத் தரும். நாங்கள் செய்து பார்த்தோம். பேத்தி விரலை விட்டுத் துழாவித்தான் கம்பி அங்கேயே இருக்கிறது என்று நம்பினாள். எண்ணெய் மேசைமேல் சிந்தியதைப் பற்றி அவளுடைய பாட்டி சொன்னதை இங்கே எழுதவில்லை.

வெல்ஸ் தம் கதையில் சொன்ன உபாயமும் இதுவே. மனித உடலின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் எண்ணுக்குச் சமமாக்கிவிட்டால் ஆள் மறைவான் என்றார். கற்பனை அழகானது. ஆனால் அதில் ஒரு பெரிய இடர் உண்டு. நாம் பார்ப்பது எப்படி? கண்ணிலுள்ள வில்லை ஒளியை வளைத்துக் குவிக்கிறது. விழித்திரை அந்த ஒளியை விழுங்கிக்கொண்டு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. வளைக்காத வில்லையும் விழுங்காத விழித்திரையும் கொண்டவனுக்குப் பார்வை எங்கிருந்து வரும்? உலகத்தின் கண்ணுக்கு முழுவதும் மறைந்தவனுடைய கண்ணுக்கு உலகமும் மறைந்துவிடும். கைஜஸ் வம்சத்து இடையன் அரண்மனைக்கு வழி தெரியாமல் தடுமாறியிருப்பான்!

வெல்ஸின் கிரிஃபினுக்கு உடல்தான் மறைந்தது, உடை மறையவில்லை. ஆகவே மறைய வேண்டுமானால் இங்கிலாந்தின் குளிரில் ஆடையின்றி அலைய வேண்டியிருந்தது. நம் அருணின் கருவி சட்டை, தொப்பி எல்லாவற்றையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது. குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கும் படமாயிற்றே! விஞ்ஞானம் இங்கே கண்ணியத்துக்கு வழிவிட்டது.

சிவப்புக் கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். அருண் சிவப்பு ஒளியில் தெரிவான் என்றால், அவன் உடல் சிவப்புக் கதிர்களை மட்டும் திருப்பி அனுப்புகிறது, மற்ற நிறங்களை ஊடுருவ விடுகிறது என்று பொருள். ஆனால் சூரிய ஒளியிலேயே சிவப்பு இருக்கிறதே! வானவில்லில் அதுதான் வெளிப்புற விளிம்பு. ஆகவே பட்டப்பகலில் அருண் செந்நிற நிழல்போலத் தெரிந்திருக்க வேண்டும். இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். படத்துக்காக அவர் வாதாடினார். "பகலில் நட்சத்திரங்கள் வானத்தில் இல்லையா? இருக்கின்றன. மற்ற வெளிச்சத்தில் அமுங்கிப்போகின்றன. அதுபோல உங்கள் அருண் திருப்பி அனுப்பும் சிவப்பு மிகச் சொற்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக் கண்ணாடி மற்ற நிறங்களை வடிகட்டிவிடுகிறது, ஆள் மேலே வருகிறான்" என்றார். வாதம் சாமர்த்தியமானது. உண்மைக் காரணம் வேறு: கதாநாயகன் முகத்தை முழுப் படத்திலும் மறைத்துவைத்தால் சீட்டு வாங்கி வந்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

விஞ்ஞானிகள் இந்த ஆசையைக் கைவிடவில்லை. 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் பெண்ட்ரியின் கணக்கைப் பின்பற்றி, டேவிட் ஸ்மித் முதலானோர் செம்பு வேலைப்பாடு கொண்ட வளையங்களைச் செய்து, ஒரு சிறு செம்பு உருளையைச் சுற்றி வைத்தார்கள். ஓடையிலுள்ள கல்லைச் சுற்றிக்கொண்டு நீர் மறுபுறம் சேர்ந்துவிடுவதுபோல, நுண்ணலைகள் உருளையைச் சுற்றிக்கொண்டு மறுபுறம் சேர்ந்தன. முழுமையாக அல்ல, ஓரளவுக்குத்தான். அதுவும் நுண்ணலைகளுக்கே அது மறைவு. நம் கண்ணுக்கு அந்த உருளை நன்றாகவே தெரியும்.

2024இல் வெளியான மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் டார்ட்ரஸின் என்னும் சாயத்தை நீரில் கரைத்து, உயிருள்ள எலியின் வயிற்றுத் தோலில் தடவினார்கள். மிட்டாய், பானங்கள் முதலியவற்றுக்கு மஞ்சள் நிறம் ஊட்டப் பயன்படுகிற சாயம்தான் அது. சிறிது நேரத்தில் தோல் கண்ணாடிபோலாகி, உள்ளே குடல் அசைவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது! சாயத்தைக் கழுவியவுடன் தோல் பழையபடி ஆகிவிட்டது. காரணம் வெல்ஸ் சொன்னதேதான். நம் திசுக்களில் நீரும் கொழுப்பும் புரதமும் கலந்திருக்கின்றன. அவற்றின் ஒளிவிலகல் எண்கள் வேறுபடுவதால் ஒளி சிதறித் தோல் மங்கலாகத் தெரிகிறது. இந்தச் சாயம் நீல ஒளியை விழுங்கி, சிவப்பு ஒளிக்கு நீரின் எண்ணை உயர்த்திக் கொழுப்பின் எண்ணுக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது. ஆகவே சிவப்பு ஒளி சிதறாமல் ஊடுருவுகிறது. படத்தில் சிவப்பு ஒளி மறைந்தவனைக் காட்டிக்கொடுத்தது. ஆய்வுக்கூடத்தில் சிவப்பு ஒளிதான் தோலை மறையச் செய்தது. ஸலீம்-ஜாவேத் இரட்டையர் நிறத்தைச் சரியாகத் தேர்ந்தார்கள், திசையைத்தான் மாற்றிப் பிடித்தார்கள் என்று என் நண்பரிடம் சொல்லி, அன்று வாதத்தில் ஒருவாறு வென்றேன்.

படத்துக்குத் திரும்புகிறேன். மறைந்துபோகும் கதாநாயகனாக அனில் கபூர் அடக்கமாகவே நடித்திருக்கிறார். பாதி நேரம் மறைந்திருப்பவனுக்கு அதிக வேலையும் இல்லை. திரையை நிரப்புகிறவர்கள் வேறு இருவர். ஒருவர் மொகாம்போவாக வரும் அம்ரீஷ் புரி. பொன்னிறச் சரிகை உடுப்பும், நாற்காலிக் கைப்பிடியில் கண்ணாடி உருண்டைமேல் தாளமிடும் விரல்களும், 'மொகாம்போ மகிழ்ந்தான்' என்று தன்னைத் தானே படர்க்கையில் சொல்லிக்கொள்ளும் கம்பீரமும் தில்லித் தெருக்களில் சிறுவர் விளையாட்டாகவே ஆகிவிட்டன. மற்றவர் நம் ஸ்ரீதேவி.

'நம்' என்று சொல்ல உரிமை உண்டு. சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்தவர். 1969இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் பால முருகனாகத் தோன்றியவர். '16 வயதினிலே', 'மூன்றாம் பிறை' ஆகிய படங்களுக்குப் பிறகு வடக்கே சென்றவர். இந்தப் படத்தில் அவர் சார்லி சாப்ளின் வேஷம் பூண்டு, தொப்பி, பிரம்பு, ஒட்டு மீசையோடு சூதாட்ட விடுதிக்குள் நுழையும் பகுதி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒருவன் பக்கத்தில் நின்று உதவி செய்ய, அவர் விழிப்பதும் தடுமாறுவதும் துள்ளுவதும் ஹாஸ்ய நடிப்புக்கு உயர்ந்த இலக்கணம். எதிரில் ஆள் இல்லாமலே, ஆள் இருப்பதாக நம்மை நம்பவைக்க வேண்டிய நடிப்பு அது. பீட்டர் பெரேராவின் கம்பி செய்ததில் பாதியை ஸ்ரீதேவியின் கண்களே செய்துவிட்டன என்று சொன்னால் மிகையாகாது. 2018 பிப்ரவரியில் அவர் மறைந்த செய்தி வந்தபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது அந்த மீசைதான்.

அவருக்காக 'ஹவா ஹவாயி' பாட்டைப் பாடிய கவிதா கிருஷ்ணமூர்த்தி, தில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் இசையில் வந்த அந்தப் பாட்டு அவருடைய புகழை நாடெங்கும் பரப்பிற்று. சிவகாசி முகமும் தில்லித் தமிழ்க் குரலும் சேர்ந்து, பொருளில்லாத சொற்களில் தொடங்கும் ஒரு ஹிந்திப் பாட்டை நாட்டையே முணுமுணுக்க வைத்த அதிசயத்தைக் கரோல் பாக் தமிழர்கள் பெருமையோடு பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. 1989இல் இதே கதை 'என் ரத்தத்தின் ரத்தமே' என்ற பெயரில், கே. பாக்யராஜ் நடிக்கத் தமிழில் வந்தது. தலைப்பு எம்.ஜி.ஆர். தம் தொண்டர்களை விளித்த சொல். மூலத்தின் புகழ் அதற்குக் கிட்டவில்லை.

குறைகளும் உண்டு. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படத்தில் அடியாட்கள் சண்டை இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப வருகிறது. குழந்தைகளை வெறுத்த ஸீமா மனம் மாறுவது சற்று அவசரமாக நடந்துவிடுகிறது. தலைவன் சொன்னான் என்று ஆட்கள் அமிலக் குளத்தில் குதிப்பதை அன்று சிரித்துக்கொண்டு பார்த்தோம். இன்று என் பேத்திக்குச் சிரிப்பு வரவில்லை.

இயக்குநர் ஷேகர் கபூர் தில்லியில் படித்து வளர்ந்தவர். இதற்கு முன் 1983இல் அவர் எடுத்த 'மாஸூம்' படமும் ஒரு தில்லிக் குடும்பத்தின் கதைதான். தாயற்ற சிறுவன் ஒருவன் அந்த வீட்டுக்குள் வந்து சேருகிறான். வீடு அவனை ஏற்குமா என்பது பிரச்சினை. குழந்தைகளை அவர் நடிக்கவைத்த விதத்தைப் பார்த்துத்தான் போனி கபூர் இந்தப் படத்தை அவரிடம் ஒப்படைத்தார். 'மிஸ்டர் இந்தியா'வில் வீட்டுக் காட்சிகள் எல்லாம் உயிரோடிருப்பதற்கு அதுவே காரணம். குழந்தைகள் வசனம் ஒப்பிப்பதில்லை. சண்டையிடுகிறார்கள், பசிக்கிறது என்கிறார்கள், தூங்கிவிடுகிறார்கள்.

அவர்களில் மிகச் சிறியவள் டீனா. மொகாம்போவின் ஆட்கள் பொது இடங்களில் பொம்மைகளுக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். அந்தப் பொம்மைகளில் ஒன்று டீனாவின் கையில் கிடைக்கிறது. சிரிக்கச் சிரிக்க வந்த படம் அங்கே நின்றுவிடுகிறது. குழந்தைகளுக்கான படத்தில் ஒரு குழந்தையைக் கொல்லலாமா என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள்.

ஆனால் தில்லியில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி மௌனமானார்கள். 1985 மே மாதம் 10ஆம் நாள் மாலை, தில்லியிலும் அண்டை மாநிலங்களிலும் பேருந்துகளிலும் பொது இடங்களிலும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவைபோல் டிரான்ஸிஸ்டர் ரேடியோக்கள் கிடந்தன. ஆசையோடு எடுத்து விசையைத் திருப்பியவர்கள் கையில் அவை வெடித்தன. பலர் மாண்டனர். ரேடியோவுக்காக எழுதுகிறவன் இதை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. அதுவரை வீட்டுக்கு வந்த உறவினரைப்போல் இருந்த ஒரு பொருளைப் பார்த்து மக்கள் ஒதுங்கிப்போனார்கள். அந்த நாட்களுக்குப் பிறகு தில்லி நகரப் பேருந்துகளில் ஓர் அறிவிப்பு இடம் பெற்றது: உங்கள் இருக்கையின் கீழே பாருங்கள், வெடிகுண்டு இருக்கலாம், கண்டால் குரல் எழுப்புங்கள், பரிசு பெறுங்கள் என்று. பல ஆண்டுகள் அது அப்படியே இருந்தது. பரிசு என்ற சொல்லைக் குண்டோடு சேர்த்து எழுதிய வாக்கியம் அது. நாளடைவில் அதைப் படிக்காமலே படிக்கப் பழகிவிட்டோம்.

கேட்பாரற்றுக் கிடக்கும் அழகிய பொருளைத் தொடாதே என்று குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டிய ஊரில், அந்தப் பொருளைத் தொட்டுவிட்ட குழந்தையைத் திரையில் கண்டோம். மறைந்து நிற்பவன் அருண் ஒருவன் மட்டும் அல்லன். குண்டு வைத்தவனும் மறைந்தேதான் இருந்தான். அவனைக் காட்டும் சிவப்புக் கண்ணாடி யாரிடமும் இல்லை. கடைசிச் சண்டையில் அருணிடமும் கருவி இல்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும் வெறும் மனிதனாகவே மொகாம்போவை எதிர்க்கிறான். அதை அன்று ஒரு சண்டைக் காட்சியாகத்தான் பார்த்தேன்.

அன்று எங்கள் மகளுக்கு ஆறு வயது. கரோல் பாக்கில் படம் பார்த்துவிட்டு ராமகிருஷ்ணபுரத்துச் சர்க்கார் குடியிருப்புக்குப் பேருந்தில் திரும்பினோம். இருக்கையின் கீழே பார்த்துவிட்டு உட்காருவது அப்போது எங்கள் வீட்டு வழக்கம். அன்று அவள் வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டீனாவின் முடிவு குழந்தையின் மனத்தைக் கலக்கிவிட்டது என்று நானும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இனிமேல் சினிமாவுக்கு அழைத்துவரக் கூடாது என்றுகூட அன்றிரவு பேசினோம்.

இந்தக் கோடையில் படம் முடிந்து, நான் இந்தப் பழைய கதையைச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அன்று இடைவேளையில் வாங்கித் தந்த மிட்டாயைச் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடித் தாளை அவள் எறியாமல் கைக்குள் வைத்திருந்தாளாம். பேருந்தில் ஏறியதும் அதைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு இருக்கையின் கீழே பார்த்தாளாம். "குண்டு இருக்கிறதா என்று நீங்கள் இரண்டு பேரும்தான் பார்த்துவிட்டீர்களே, அப்பா. குண்டை எடுத்துக்கொண்டு போக அவர் வந்திருக்கிறாரா என்று நான் பார்த்தேன்" என்றாள்.

பேத்தி உடனே எழுந்து, வீட்டில் சிவப்புத் தாள் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினாள்.